உகாண்டாவிலிருந்து வந்த எங்கள் நண்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் ஐந்து பேர். இருவர் ஆசிரியர்கள், ஒருவர் நர்ஸ், ஒருவர் லொறி ஓட்டுகிறார், நான் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். 2024 தொடக்கத்திலிருந்து, உகாண்டாவிலிருந்து உயிர் தப்பி வந்த ஒரு தன்பாலீர்ப்புச் செயற்பாட்டாளருக்குத் துணையாக நிற்கிறோம். அவர் இங்கே காலூன்ற எங்கள் ஐந்து பேரின் சம்பளம் மட்டும் போதாது. அதனால் தெரிந்தவர்களிடம் கேட்கிறோம். கேட்டால் கேள்விகள் வருகின்றன: கல்யாண மண்டபத்தில், கோயில் வாசலில், வேலைத்தலத்தில். வந்த கேள்விகளையும் எங்கள் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யார் இவர்?

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்குப் பக்கத்து ஊர்க்காரர். வயது முப்பத்து நான்கு. படித்தது கணக்கியல், செய்தது சட்ட உதவி. சட்டத்தரணி இல்லை. சட்டத்தரணி வந்து சேர்வதற்கு முன் பொலிஸ் நிலையத்துக்கு ஓடுகிறவர். அங்கே இவர்களைப் பாராலீகல் என்பார்கள்.

ஒரு பையனையோ ஒரு திருநங்கையையோ பொலிஸ் பிடித்துப் போனால் முதல் போன் இவருக்குத்தான் வரும். பாதி ராத்திரியில் போடா போடா என்கிற மோட்டார் சைக்கிள் டாக்சியில் ஏறிப் போவார். போனதும் முதல் வேலை, பிடிபட்டவரின் பெயரை நிலையத்துப் பதிவேட்டில் எழுத வைப்பது. பெயர் ஏறிவிட்டால் ஆளை இல்லையென்று சொல்ல முடியாது. பிடித்த 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று உகாண்டா அரசியலமைப்பே சொல்கிறது; பெயர் ஏறினால்தான் அந்தக் கணக்கைக் காட்டிக் கேட்க முடியும். அவர் இதைச் சொன்னபோது எங்களில் மூன்று பேருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இலங்கையில் எங்கள் வீடுகளிலும் யாரோ ஒருவருடைய பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடி முகாம் முகாமாக அலைந்திருக்கிறோம்.

உகாண்டாவின் பால்புதுமையினர், அதாவது தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும், தங்களைக் குச்சு என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் தங்களுக்காக எடுத்துக்கொண்ட சொல் அது. அவரைப் பற்றிப் பேசும்போது நாங்களும் அதையே சொல்கிறோம்.

அங்கே அப்படி என்ன சட்டம்?

2023 மே மாதம் ஜனாதிபதி முசெவேனி கையெழுத்திட்ட தன்பாலுறவு எதிர்ப்புச் சட்டம். இருவர் மனமொத்து உறவு கொண்டால் ஆயுள் தண்டனை. சில சூழல்களை 'மோசமான தன்பாலுறவு' என்று வகைப்படுத்தி அதற்கு மரண தண்டனை. தன்பாலுறவை 'ஊக்குவித்தால்' 20 ஆண்டு வரை சிறை.

எங்கள் நண்பரை நாட்டை விட்டுத் துரத்தியது கடைசியாகச் சொன்ன அந்த 'ஊக்குவிப்பு'ப் பிரிவு. ஊக்குவிப்பது என்றால் என்ன? துண்டுப் பிரசுரம் கொடுப்பதா, சட்ட உதவிக் கூட்டம் நடத்துவதா, பிடிபட்டவனுக்குப் பிணை எடுக்கப் போவதா? எதையும் அதற்குள் அடக்கலாம். அவர் பத்து வருடமாகச் செய்துவந்த வேலை ஒரே நாளில் 20 வருடக் குற்றமாகிவிட்டது.

வீட்டுச் சொந்தக்காரர்களையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. தெரிந்தே இடம் கொடுத்தால் தண்டனை என்றிருந்தது. சட்டம் வந்த சில வாரங்களில் அவருடைய வீட்டுக்காரம்மா, ஏழு வருடம் மாதம் தவறாமல் வாடகை வாங்கியவர், கதவில் நின்று அழுதபடி வீட்டைக் காலி பண்ணச் சொன்னாராம். அந்த அம்மா மீது அவருக்கு இன்றைக்கும் கோபம் இல்லை.

2024 ஏப்ரல் 3-ல் உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இடம் கொடுத்தால் தண்டனை, தெரிந்தும் பொலிசுக்குச் சொல்லாவிட்டால் தண்டனை என்பவை உட்படச் சில பிரிவுகளை நீக்கியது. ஆயுள் தண்டனை, மரண தண்டனை, ஊக்குவிப்பு எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் உகாண்டாக்காரர்கள்தான். சட்டப் பேராசிரியர் சில்வியா தமாலே, பத்திரிகையாளர் ஆண்ட்ரூ ம்வெண்டா, ஆளுங்கட்சி எம்.பி. ஃபாக்ஸ் ஒடோய் எல்லாரும் அதில் இருந்தார்கள். உகாண்டா முழுக்க ஒரே குரல் என்று நினைத்துவிடாதீர்கள்.

2023-க்கு முன் நன்றாகத்தானே இருந்தார்கள்?

இல்லை. ஆனால் வேலை செய்ய ஒரு இடுக்கு இருந்தது. அந்த இடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடைபட்டது.

2009 மார்ச்சில் ஸ்காட் லைவ்லி என்ற அமெரிக்கப் போதகர் கம்பாலாவுக்கு வந்து கருத்தரங்கு நடத்தினார். அதே ஆண்டு அக்டோபரில் முதல் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2010 அக்டோபரில் ஒரு உள்ளூர்ப் பத்திரிகை, தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லி ஆட்களின் பெயர்களையும் படங்களையும் போட்டு, தூக்கிலிடுங்கள் என்று எழுதியது. டேவிட் காட்டோ என்ற ஆசிரியர் மற்ற இருவருடன் சேர்ந்து வழக்குப் போட்டு வென்றார். வென்ற சில வாரங்களில், 2011 ஜனவரி 26-ல், முகோனோவில் தன் வீட்டில் சுத்தியலால் அடிக்கப்பட்டு இறந்தார். எங்கள் நண்பர் அப்போது மாணவர். அந்தச் செத்தவீட்டுக்குப் போனவர், திரும்பி வந்து இந்த வேலையில் சேர்ந்துவிட்டார்.

2014-ல் ஒரு சட்டம் வந்து, போதிய உறுப்பினர் இல்லாமல் நிறைவேற்றினார்கள் என்ற காரணத்தால் ஆகஸ்ட் 1-ல் ரத்தானது. அந்த வருடம்தான் ஜான் அப்துல்லா வாம்பேரே என்ற செயற்பாட்டாளருக்கு அமெரிக்கா தஞ்சம் கொடுத்தது. 2022 ஆகஸ்டில், உகாண்டாவில் எல்லாருக்கும் தெரிந்த செக்ஷுவல் மைனாரிட்டீஸ் உகாண்டா என்ற அமைப்பை அரசு இழுத்து மூடியது. 2024 ஜனவரி 3-ல் ஸ்டீவன் கபுயே என்ற இளம் செயற்பாட்டாளரை வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் கத்தியால் குத்தினார்கள். அவர் உயிர் தப்பினார். அந்தச் செய்தி வந்த வாரம்தான் எங்கள் நண்பர் இனித் திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்தார்.

பக்கத்து நாட்டில் இருந்திருக்கலாமே?

இருந்தார், ஐந்து மாதம். கம்பாலாவிலிருந்து இரவு பஸ்ஸில் எல்லை கடந்து நைரோபிக்குப் போனார். கென்யாவிலும் தன்பாலுறவுக்கு 14 ஆண்டு வரை சிறை உண்டு. அந்தச் சட்டத்தை நீக்க மாட்டோம் என்று 2019 மே மாதம் அங்குள்ள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அகதியாகப் பதிந்தால் பெரும்பாலும் வடமேற்கே துர்க்கானாவில் உள்ள காகுமா முகாமுக்குப் போகச் சொல்வார்கள். புழுதியும் வெயிலுமான இடம். 1992-ல் தொடங்கிய முகாம், இன்னும் முகாமாகவே இருக்கிறது. 2021 மார்ச்சில் அங்கே குச்சுக்கள் தூங்கிக்கொண்டிருந்த இடத்தில் பெற்றோல் குண்டு எறிந்தார்கள். தீக்காயப்பட்ட ஒரு உகாண்டா இளைஞர் அடுத்த மாதம் நைரோபி மருத்துவமனையில் இறந்தார்.

நைரோபியில் எங்கள் நண்பர் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுத்தார். பிறகு கனடாவில் நடந்த ஒரு மனித உரிமைக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது, விசாவும் கிடைத்தது. விசா கிடைக்காத எட்டுப் பேரை விட்டுவிட்டு வந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தளும்பும்.

வந்து இறங்கியதும் என்ன நடந்தது?

ரொறன்ரோவில் தங்குமிடம் இல்லை. 2023 கோடையில் நகரத்துத் தங்குமிடங்கள் நிரம்பி, ஆபிரிக்காவிலிருந்து வந்த அகதிகள் பீற்றர் தெருவில் நடைபாதையில் படுத்துக் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போது கறுப்பினத்தவரின் தேவாலயங்கள்தான் கதவைத் திறந்தன. அடுத்த குளிர்காலத்தில் இவரும் ஒரு தேவாலயத்தின் தரையில், மெல்லிய மெத்தையில் ஆறு வாரம் படுத்தார்.

அங்கே அவருக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது, ஜாக்கெட் கிடைத்தது. ஆனால் ஏன் வந்தாய் என்று பக்கத்து மெத்தைக்காரர் கேட்டால் அரசியல் பிரச்சினை என்றார். ஊரில் தன்னைச் சபித்த அதே பாட்டுகள், அதே பிரசங்கத் தொனி. உதவி செய்பவர்கள் நல்லவர்கள் என்று தெரியும். உண்மை தெரிந்தால் என்ன ஆகுமென்று தெரியாது. ஆறு வாரமும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்ததாகச் சொன்னார். எங்கள் குழுவின் நர்ஸ் அவரைச் சந்தித்தது அங்கேதான், ஒரு காய்ச்சல் முகாமில்.

யார் வேண்டுமானாலும் 'நான் அப்படி' என்று பொய் சொல்லி அகதியாகலாம்தானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பாதிப்பேர் தாங்களே அகதி விசாரணைக்குப் போனவர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு. நம்மில் பலர் முதலாவதையும் நாலாவதையும் காட்டி வந்தவர்கள். ஐந்தாவதில் பாலீர்ப்பும் அடங்கும் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 1993-ல் வார்ட் வழக்கில் சொன்னது. 'ஊரில் மறைத்து வாழ்ந்தால் ஆபத்தில்லையே, திரும்பிப் போ' என்று சொல்ல முடியாதென்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது. மறைத்து வாழச் சொல்வதே துன்புறுத்தல்தான். 'நீ தமிழனென்று காட்டிக்கொள்ளாமல் இரு, ஒன்றும் செய்ய மாட்டார்கள்' என்று நமக்கு யாராவது சொன்னால் எப்படி இருக்கும்?

அடுத்தது நிரூபணம். இதை நிரூபிப்பது நம் வழக்குகளைவிடக் கஷ்டம். நாம் கிராம சேவையாளர் கடிதம், இறப்புச் சான்றிதழ், பத்திரிகை வெட்டு என்று கொண்டு போனோம். வாழ்நாள் முழுக்க எந்தத் தடயமும் இல்லாமல் அழித்து அழித்து வாழ்ந்த ஒருவர் எதைக் கொண்டு வருவார்? காதல் கடிதத்தை எரித்தவர், படத்தை நீக்கியவர், துணையைச் சித்தப்பா மகன் என்று சொன்னவர். ஐரோப்பாவில் சில இடங்களில் அந்தரங்கமான கேள்விகளும் அவமானமான சோதனைகளும் வைத்தார்கள். கூடாதென்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தடுத்தது. உளவியல் படம் காட்டிப் பாலீர்ப்பைக் கண்டுபிடிக்க முயன்றதையும் 2018 ஜனவரியில் தடுத்தது. கனடாவின் அகதிகள் வாரியம் 2017-லிருந்து இதற்கென்றே தனி வழிகாட்டியை வைத்திருக்கிறது. நடை, பேச்சு, உடுப்பு பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை.

இவருடைய விசாரணை வீடியோ வழியாக மூன்றரை மணி நேரம் நடந்தது. நான் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன். இவரிடம் ஆதாரம் இருந்தது. செயற்பாட்டாளர் என்பதால் அறிக்கைகளில் பெயர் இருந்தது. ஆனால் விசாரித்தவர் கடைசியில் கேட்டது வேறு: 'நீங்கள் யாரென்று உங்களுக்கே எப்போது தெரிந்தது?' பதில் வரப் பத்து நிமிடம் ஆனது. தன் அம்மாவிடம்கூட சொல்லாததை ஒரு கணினித் திரைக்கு முன்னால், மொழிபெயர்ப்பாளரின் காதுபடச் சொன்னார். வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பொய் சொல்லி வருகிறவர்கள் எந்த வகை வழக்கிலும் இருப்பார்கள். அதைச் சலித்தெடுக்கத்தான் விசாரணை இருக்கிறது. இவரை நம்பினார்கள், அகதியாக ஏற்றார்கள்.

ஏற்றுக்கொண்ட பிறகு இன்னும் என்ன உதவி? அரசாங்கம் தருகிறதே?

தருகிறது. வழக்கு நடந்தபோது வெல்ஃபேர் கிடைத்தது, இடைக்கால மருத்துவக் காப்பீடு கிடைத்தது, வேலை அனுமதி கிடைத்தது. அதற்கு நன்றி சொல்கிறோம்.

ஆனால் நிரந்தர வதிவிடம் வர வருடக்கணக்கில் ஆகும். அதுவரை சின் நம்பர், அதாவது வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண், தற்காலிகமானவர் என்று காட்டும் ஒன்பதில் தொடங்கும். ஒன்பதைப் பார்த்ததும் முகம் மாறுகிற வீட்டுக்காரர்களையும் முதலாளிகளையும் உங்களுக்குத் தெரியும். வாடகைக்கு முதல் மாதம், கடைசி மாதம், கிரெடிட் ஹிஸ்டரி, வேலைக் கடிதம் எல்லாம் வேண்டும். பத்து வருடம் சட்ட உதவி செய்தவருக்குக் கனடிய அனுபவம் இல்லை என்று சொல்கிறார்கள். இப்போது இரவு ஷிப்டில் கிடங்கொன்றில் பெட்டி அடுக்குகிறார்.

அப்புறம் பல். காவலில் இருந்தபோது கடைவாய்ப் பல் இரண்டு உடைந்துவிட்டது. வலித்தால் பிடுங்கக் காப்பீடு வழி செய்தது, திரும்பக் கட்டுவதற்கு வழியில்லை. ஒரு பக்கத்தால்தான் சாப்பிடுகிறார்.

பணம் எதற்கெல்லாம் போகிறது?

ஸ்காபரோவில் பேஸ்மென்ட் அறை, மாதம் 950 டாலர். அவருடைய சம்பளம் போதாத மாதங்களில் மீதியை நாங்கள் போடுகிறோம். நிரந்தர வதிவிட விண்ணப்பக் கட்டணம் ஒருவருக்கு 600 டாலரைத் தாண்டும். பல் வைத்தியம் ஒரு பெரிய தொகை. மாலை நேரத்தில் பாராலீகல் படிப்பில் சேர விரும்புகிறார். ஒன்ராறியோவில் அதற்கு உரிமம் உண்டு, படிப்புக்குச் செலவும் உண்டு. எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிவது அந்தப் படிப்புத்தான். அவருக்குத் தெரிந்த, அவர் நேசிக்கிற வேலைக்கு அவர் திரும்ப வேண்டும். வாங்கும் ஒவ்வொரு டாலருக்கும் ரசீது இருக்கிறது, கணக்கை நானே எழுதுகிறேன், கேட்டால் காட்டுவேன்.

பணம் தர முடியாது. வேறு என்ன செய்யலாம்?

நிறைய. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தமிழ்க் கடைக்குக் கூட்டிப் போனேன். உறைபெட்டியில் வாழையிலைக் கட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பனி படிந்த பொலித்தீன் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, 'இது எப்படி இங்கே?' என்றார். அவர்கள் ஊரில் மத்தோக்கே என்று பச்சை வாழைக்காயைத் தோல் சீவி, வாழையிலையில் பொதிந்து, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்துப் பிசைந்து சாப்பிடுவார்கள். அன்று என் சமையலறையில் அதைச் செய்தார். இடியப்பச் சட்டிதான் கிடைத்தது, அதையே வைத்துச் சமாளித்தார். இலை வாட்டும் மணம் வந்ததும் என் அம்மா அறையிலிருந்து எழுந்து வந்து, அவர் கையிலிருந்த காம்பை வாங்கி, 'இப்படிக் கிழி தம்பி' என்று காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நிலக்கடலைக் குழம்போடு எல்லாரும் சாப்பிட்டோம்.

அதனால், சாப்பிடக் கூப்பிடுங்கள். காரில் ஏற்றி ஒரு நேர்முகத்துக்குக் கொண்டு போய் விடுங்கள். உங்கள் நிறுவனத்தில் பகல் வேலை இருந்தால் சொல்லுங்கள். வாடகைக்கு அவர் இடம் தேடும்போது பரிந்துரைக் கடிதத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்கள். நாம் வந்த புதிதில் யாரோ நமக்குப் போட்டுத் தந்த கையெழுத்துப் போல.

அவரைச் சந்தித்தால் என்ன கேட்கக் கூடாது?

எப்படி அடித்தார்கள் என்று கேட்காதீர்கள். அதைப் பொலிசுக்கும் சட்டத்தரணிக்கும் வாரியத்துக்கும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். எப்போது கல்யாணம், குடும்பம் எங்கே என்பதும் வேண்டாம். கால்பந்து கேளுங்கள், ஆர்சனல் ரசிகர், நிறுத்த மாட்டார். யாரோடு வந்திருக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்க வேண்டியும் இல்லை. நண்பர் என்றால் போதும்.

இங்கே வந்துவிட்டார். இனியாவது இந்த வேலையை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே?

அக்கறையில் கேட்பது புரிகிறது. நானும் கேட்டேன்.

குளிர்காலத்தில் கம்பாலா நம்மைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கும். இங்கே அதிகாலை இரண்டு மணியென்றால் அங்கே காலை பத்து, பொலிஸ் நிலையம் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம். கிடங்கு ஷிப்டின் இடைவேளையில் இவருடைய போன் அதிரும். யாரையோ பிடித்திருப்பார்கள். எந்த நிலையம், பொறுப்பதிகாரி யார், பதிவேட்டில் பெயர் ஏறியதா, எந்தச் சட்டத்தரணி பக்கத்தில் இருக்கிறார் என்று பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து வழி சொல்கிறார். பிணை எடுக்கப் போன புதிய பையனுக்கு, 'பொலிஸ் பிணைக்குக் காசில்லை, சுவரில் எழுதியிருக்கும், அதைக் காட்டு' என்கிறார்.

இதை விட்டுவிட்டால் நான் யார் என்று என்னைத் திருப்பிக் கேட்டார். ஊர், வீடு, பெயர் எல்லாம் போன ஒருவரிடம் மிச்சமிருப்பது இந்த வேலைதான். அதையும் விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடச் சொல்வதற்குப் பதில், அவர் தூங்குவதற்கு வழி செய்கிறோம். பகல் வேலை தேடுவது அதற்காகத்தான்.

இதெல்லாம் நம் பண்பாட்டுக்கு ஒத்துவராதே?

உகாண்டா நாடாளுமன்றத்திலும் அச்சு அசலாக இதைத்தான் சொன்னார்கள்: ஆபிரிக்கப் பண்பாட்டுக்கு எதிரானது. ஆனால் அந்தத் தண்டனை எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷார் 1860-ல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில் 377-ஆம் பிரிவை வைத்தார்கள். கிழக்கு ஆபிரிக்காவைப் பிடித்தபோது முதலில் அந்த இந்தியச் சட்டத்தையே அங்கேயும் கொண்டு போனார்கள். இலங்கைக்கு 1883-ல் 365-ஆம் பிரிவாக வந்தது. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் 377-ன் பிடியைத் தளர்த்தி, மனமொத்த உறவு குற்றமில்லை என்றது. இலங்கையில் 365-உம் 365 ஏ-உம் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன; 1995-ல் திருத்தி, பெண்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். அவரையும் நம் பிள்ளைகளையும் துரத்துவது ஒரே வீட்டில் எழுதிய சட்டம்.

நம் பிள்ளைகள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். இந்த வேலையைத் தொடங்கிய பிறகு நான்கு தமிழ்ப் பெற்றோர் என்னைத் தனியே கூப்பிட்டு, தணிந்த குரலில், தங்கள் மகனைப் பற்றியோ மகளைப் பற்றியோ பேசியிருக்கிறார்கள்.

நம் ஆட்களே கஷ்டப்படும்போது ஏன் வேறொருவருக்கு?

1986 ஆகஸ்ட் 11-ல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்தபோது, மூடுபனிக்குள் கண்டெடுத்தவர் கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்டன். நாங்கள் ஊரில் உள்ள சொந்தங்களுக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. இதுவும் செய்கிறோம்.

அவருக்குத் துணை இருக்கிறாரா? அவரையும் கூப்பிட முடியுமா?

இருக்கிறார், நைரோபியில். இதை வேறு குச்சுக்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். விண்ணப்பத்தில் துணையின் பெயரைச் சொல்லாமல் விட்டால் பிறகு குடும்பமாக அவரை அழைப்பது மிகவும் கடினம். பயத்தில் பலர் 'தனியாள்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே வீட்டில் ஒரு வருடம் வாழ்ந்திருந்தால்தான் துணை என்பது பொது விதி. ஆனால் துன்புறுத்தலுக்குப் பயந்து சேர்ந்து வாழ முடியாமல் போனவர்களுக்கு விதியிலேயே விலக்கு இருக்கிறது. இவருடைய சட்டத்தரணி அதைச் சுட்டிக் காட்டி எழுதினார். இனிக் காத்திருப்புத்தான்.

அம்மா ஊரில் இருக்கிறார், நீரிழிவுக்காரர். போய்ப் பார்க்க முடியாது. சொந்த நாட்டுக் கடவுச்சீட்டில் ஊருக்குப் போனால் கிடைத்த பாதுகாப்பையே இழக்கலாம். இதையும் நம் வீடுகளில் விளக்கத் தேவையில்லை. செத்தவீட்டை வீடியோவில் பார்த்தவர்கள் நாம்.

இன்னொருவரை நாமே ஸ்பொன்சர் செய்து எடுக்கலாமா?

கனடாவில் 1979-லிருந்து தனியார் ஸ்பொன்சர் முறை உண்டு. ஐந்து பேர் சேர்ந்தும் செய்யலாம். ஆனால் 2024 நவம்பர் 29 முதல் ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களை அரசு நிறுத்தி வைத்தது. தொடங்கும் முன் குடிவரவுத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். வன்கூவரில் உள்ள ரெயின்போ ரெஃப்யூஜி அமைப்பு இந்த வேலையை 2000-லிருந்து செய்கிறது. 2006-ல் தொடங்கிய ரொறன்ரோவின் ரெயின்போ ரெயில்ரோட் அமைப்புக்கு, ஆபத்திலுள்ளவர்களை நேரடியாக அரசுக்குப் பரிந்துரைக்க 2023-ல் வழி செய்யப்பட்டது. சர்ச் தெருவில் இருக்கும் 519 சமூக மையம், வந்து சேர்ந்தவர்களுக்கு உதவுகிறது. அமெரிக்கா 2025 ஜனவரியில் அகதிகளை எடுக்கும் திட்டத்தை நிறுத்திய பிறகு இவர்கள் எல்லார் மீதும் பாரம் ஏறியிருக்கிறது.

பெயரும் படமும் ஏன் இல்லை?

தங்கை ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். அது போதாதா?

இந்த மாதம் உடனே என்ன வேண்டும்?

பத்தாம் நம்பர் குளிர்காலச் சப்பாத்து ஒரு சோடி. நன்றாக ஓடும் பழைய மடிக்கணினி ஒன்று. வியாழக்கிழமை பிற்பகல் பல் வைத்தியரிடம் கூட்டிப் போய் வர ஒருவர், போகும்போது மட்டும் இல்லை, ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு திரும்பி வரும்போதும் கூட இருக்க. பகல் வேலை ஒன்று. எங்களில் யாரையாவது தெரியுமென்றால் ஒரு போன் போடுங்கள். அம்மா கேட்கச் சொன்னது: பழுக்காத மொந்தன் வாழைக்காய் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.